ஏஆர்-15 பஃபர்: எடையைக் கூட்டும் முன் கேஸைப் பாருங்கள்

ஏஆர்-15 ரைஃபிளில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் மாற்றப்படுவது, ஸ்டாக்குக்குள் (தோளில் வைக்கும் பின்கட்டை) ஸ்பிரிங்கோடு ஓடும் எடைக் கட்டையான பஃபர்தான். விலை குறைவு, தனிக் கருவி வேண்டாம், ஒரு நிமிட வேலை. உதை அதிகமா, எச்2 என்ற கனமான பஃபர் போடு. வெற்றுக் கூடு முன்பக்கம் பறக்கிறதா, அதைவிடக் கனமான எச்3 போடு. தோட்டா சிக்குகிறதா, அதற்கும் இன்னொரு பஃபர். இப்படியே போனால் மேஜை டிராயரில் நாலைந்து பஃபர் சேரும், கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பஃபர் எடையால் ஆவது எவ்வளவு, ஆகாதது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தச் செலவில் பாதி மிச்சம்.

இங்கே பேசுவது அமெரிக்காவில் பொதுமக்கள் சட்டப்படி வைத்திருக்கும் 5.56/.223 அரைத் தானியங்கி ரைஃபிள்களைப் பற்றி. பேரலிலிருந்து வரும் கேஸ் நேராக போல்ட் கேரியருக்குள் (சேம்பரை, அதாவது தோட்டா வெடிக்கும் அறையை, மூடும் போல்ட்டைச் சுமந்து ஓடும் பாகம்) போகும் வகை. பிஸ்டன் வைத்தவற்றுக்கும் பெரும்பாலானவை பொருந்தும், ஆனால் அவற்றுக்குத் தயாரிப்பாளர் சொன்ன எடையை விட்டு விலகாமல் இருப்பது நல்லது.

உள்ளே நடப்பது இதுதான். தோட்டா வெடித்து, குண்டு பேரலில் இருக்கும் கேஸ் துளையைத் தாண்டியதும், அழுத்தத்தில் ஒரு பங்கு துளை வழியே கேஸ் குழாய்க்குள் ஏறி, கேரியரின் மேல் இருக்கும் கேஸ் கீ என்ற சிறு குழல் வழியாக உள்ளே போகிறது. கேரியர் பின்னால் நகர்கிறது, போல்ட் சுழன்று பூட்டு விடுகிறது, கூடு உருவப்பட்டு வெளியே தெறிக்கிறது. கேரியரும் பஃபரும் ஒன்றாகச் சேர்ந்து ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னால் போய், ஸ்டாக்குக்குள் இருக்கும் ட்யூப்பின் அடியில் மோதித் திரும்புகின்றன. திரும்பும் வழியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு சேம்பரில் ஏற்றிப் பூட்டுகின்றன.

ஓடுவது பஃபர் மட்டுமல்ல, கேரியரும் சேர்ந்துதான் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் பஃபர் வாங்கப் போகிறார்கள். முழு அளவு கேரியர், போல்ட் எல்லாம் சேர்ந்து சுமார் 11.5 அவுன்ஸ், அதாவது 326 கிராம். சாதாரண கார்பைன் பஃபர் 3 அவுன்ஸ், 85 கிராம். மொத்தம் 411 கிராம். பஃபரை எச்2 ஆக்கினால் அது 130 கிராம், மொத்தம் 456. பஃபரின் எடை பாதிக்கு மேல் கூடியது போலத் தெரிகிறது, ஆனால் ஓடும் மொத்த எடை கூடியது 11 சதவீதம்தான். அதே கேஸ் அதே தள்ளு தள்ளினால் வேகம் குறைவது ஏறக்குறைய 10 சதவீதம். எச்2ஐவிட இலகுவான எச் போட்டால் 5 சதவீதம், எச்3 போட்டால் 14 சதவீதம். பஃபரால் எட்ட முடிந்த எல்லை இவ்வளவே.

இப்போது கேஸ் துளையைப் பாருங்கள். ராணுவத்தின் எம்4 கார்பைனின் 14.5 அங்குல பேரலில் துளையின் விட்டம் ஏறக்குறைய 0.063 அங்குலம். சந்தையில் விற்கும் 16 அங்குல பேரல்களில் 0.070க்கு மேல் துளை போட்டவை ஏராளம். மட்டமான தோட்டாவைப் போட்டுச் சுட்டுவிட்டு ஓடவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்பதற்காகத் தயாரிப்பாளர் செய்யும் முன்ஜாக்கிரதை அது. 0.063 துளை 0.076 ஆனால் பரப்பு 45 சதவீதம் கூடுகிறது. 45 சதவீதம் பெரிதாகிவிட்ட துளைக்கு 10 சதவீதம் வேகம் குறைக்கும் பஃபர் எப்படி ஈடு கட்டும்? கொஞ்சம் மட்டுப்படுத்தும். குணப்படுத்தாது.

துளையின் அளவோடு அது இருக்கும் இடமும் கணக்கில் வரும். கார்பைன் நீள கேஸ் முறையில் துளை சேம்பருக்கு அருகில் இருப்பதால் அங்கே அழுத்தம் மிக அதிகம். குண்டு துளையைத் தாண்டிய பிறகு பேரலை விட்டு வெளியேறும் வரை கேஸ் வந்துகொண்டே இருக்கும். எம்4இன் 14.5 அங்குல பேரலில் துளைக்குப் பின் மிச்சம் ஏறக்குறைய 6.7 அங்குலம். 20 அங்குல ரைஃபிள் நீளத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் கடைகளில் அதிகம் புழங்கும் 16 அங்குல பேரல், கார்பைன் நீள கேஸ் என்ற சேர்க்கையில் 8 அங்குலத்துக்கு மேல். தேவைக்கு மேல் கேஸ் வாங்கும் அமைப்பு இது. அதே 16 அங்குலத்தில், துளை இன்னும் முன்னால் இருக்கும் மிட் நீள கேஸ் என்றால் 6 அங்குலத்தை ஒட்டி வரும், துளையில் அழுத்தமும் தணிந்திருக்கும். அதனால்தான் மிட் நீளத்துக்காரர்கள் பஃபரைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை.

எடைகளும் எழுத்துகளும்

கார்பைன் பஃபரின் நீளம் 3.25 அங்குலம். அலுமினிய உடல், உள்ளே மூன்று எடைக் கட்டிகள், அவற்றுக்கிடையே ரப்பர் வில்லைகள், பின்னால் பாலியூரித்தேன் குமிழ், அதைப் பிடித்து நிறுத்த ஒரு ரோல் பின். மூன்று கட்டியும் எஃகு என்றால் அது சாதாரண கார்பைன் பஃபர், 3 அவுன்ஸ். முகத்தில் எழுத்து இருக்காது. ஒரு எஃகுக் கட்டிக்குப் பதில் டங்ஸ்டன் வைத்தால் எச், 3.8 அவுன்ஸ், 108 கிராம். இரண்டு டங்ஸ்டன் என்றால் எச்2, 4.6 அவுன்ஸ், 130 கிராம். மூன்றும் டங்ஸ்டன் என்றால் எச்3, 5.4 அவுன்ஸ், 153 கிராம். ஒரு கட்டி மாறினால் 23 கிராம் மாறும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முகத்தில் பொறித்த எழுத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரே எழுத்துக்கு ஆளாளுக்கு ஒரு எடை வைக்கிறார்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தால் ஐந்து விநாடியில் உண்மை தெரிந்துவிடும். பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கட்டிகள் முன்னும் பின்னும் நகர்ந்து டக் டக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், ஒன்று உள்ளே டங்ஸ்டன் தூள் நிரப்பிய வகையாக இருக்கும் (அதில் மணல் ஓடும் ஓசை வரும்), அல்லது கட்டிகள் இறுகிக் கிடக்கும்.

கட்டிகள் நகர்வது வீண் அலங்காரம் அல்ல. கேரியர் முன்னால் வந்து மோதியதும் எகிறிப் பின்வாங்கப் பார்க்கும். பஸ் பிரேக் போட்டதும் நிற்கிறவர்கள் ஒரு நொடி கழித்து முன்னால் சரிவார்களே, அப்படி உள்ளிருக்கும் கட்டிகள் சற்றுத் தாமதித்து வந்து முன்பக்கம் இடித்து, எகிறலை அமுக்கிவிடும். அரைத் தானியங்கியில் அடுத்த முறை விசையை இழுப்பதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்பதால் இந்த எகிறல் பெரிய தொல்லை இல்லை. ஆனாலும் கட்டிகளை எபாக்ஸி ஊற்றி இறுக்கிவிடும் விஷப்பரீட்சை வேண்டாம்.

ரைஃபிள் பஃபர் வேறு பிராணி. ஏறக்குறைய 5.9 அங்குல நீளம், 5 முதல் 5.2 அவுன்ஸ் எடை, அதற்கான நீண்ட ட்யூப், நீண்ட ஸ்பிரிங். கார்பைன் ட்யூப்பில் இதை நுழைக்கவே முடியாது. மறுபக்கம்தான் ஆபத்து. ரைஃபிள் ட்யூப்பில் கார்பைன் பஃபர் தாராளமாக நுழையும், கையால் இழுத்துப் பார்த்தால் ஓடுவது போலவும் இருக்கும். சுட்டால் கேரியர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் பின்னால் போய், கேஸ் கீ லோயரின் (துப்பாக்கியின் கீழ்ப்பாகம்) பின்சுவரில் மோதும். கீயும் போகும், லோயரும் போகும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஏ5 என்றொரு முறை உண்டு. வில்டார் நிறுவனம் கொண்டுவந்தது. கார்பைன் ட்யூப்பை விட முக்கால் அங்குலம் நீண்ட ட்யூப், சுமார் 4 அங்குல பஃபர், ரைஃபிள் ஸ்பிரிங். நீட்டிச் சுருக்கும் ஸ்டாக்கை வைத்துக்கொண்டே ரைஃபிளின் சாந்தமான ஓட்டம் கிடைக்கும். புதிதாகத் துப்பாக்கி கூட்டுகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுவே. ஏற்கெனவே நல்ல கார்பைன் ட்யூப் இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு இதற்குப் போகும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

பஃபரைத் தொடும் முன்

துப்பாக்கி ஒழுங்காக ஓடவில்லை என்றால், பஃபர் வாங்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதி செய்த பிறகே எதையும் பிரிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேரியர் மேல் உள்ள கேஸ் கீயைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அங்கே கேஸ் கசிகிறது என்று பொருள். அதன் இரண்டு திருகுகளும் 50 முதல் 58 இஞ்ச் பவுண்டு முறுக்கில் இறுக்கப்பட்டு, கீயின் உலோகத்தைத் திருகின் தலைமேல் ஆழமாக அடித்துப் பதித்திருக்க வேண்டும். பெயருக்கு ஒரு கீறல் போட்டு விட்டிருந்தால் இன்றில்லாவிட்டாலும் நாளை தளரும்.

அடுத்து போல்ட்டின் மூன்று கேஸ் வளையங்கள். போல்ட்டை முன்னால் இழுத்து நீட்டி, போல்ட் முகம் கீழே இருக்கும்படி மேஜையில் நிற்க வையுங்கள். கேரியர் தன் எடையிலேயே சரிந்து இறங்கினால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. நின்றால் சரி. வளையங்களின் பிளவுகள் ஒரே கோட்டில் வந்துவிடக் கூடாது என்று சொல்லி ஒவ்வொரு முறையும் திருப்பி வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவை ஓடும்போது தானே சுற்றிக்கொள்ளும், விட்டுவிடலாம்.

பேரல் துளையின் மேல் அமர்ந்து கேஸைக் குழாய்க்குள் திருப்பும் கேஸ் பிளாக் நகர்ந்திருந்தால் துளையில் ஒரு பகுதி மூடிவிடும். அந்தத் துப்பாக்கி கேஸ் பற்றாமல் தவிக்கும், அதற்கு இலகுவான பஃபர் போட்டு ஓட்டுவது தற்காலிகச் சமாளிப்பு மட்டுமே. பிளாக்கைக் கழற்றினால் பேரலில் கரி படிந்த வட்டம் தெரியும். அது துளையைச் சுற்றி நடுவில் விழுந்திருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்பது சாட்சி சொல்லிவிடும்.

ஸ்பிரிங்கை அளப்பதற்கு ஸ்கேல் போதும். கார்பைன் ஸ்பிரிங் அமுக்காத நிலையில் 10 1/16 அங்குலத்துக்குக் குறையாமலும் 11 1/4க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ரைஃபிள் ஸ்பிரிங்குக்கு 11 3/4 முதல் 13 1/2. இந்த அளவுக்குக் கீழே சுருங்கிப்போன ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு பஃபர் எடையை ஆராய்வதில் அர்த்தம் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பஃபரையும் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

கடைசியாக எண்ணெய். வறண்டு கிடக்கும் கேரியர் கேஸ் பற்றாத துப்பாக்கி போலவே நடிக்கும். கேரியரின் அடித் தண்டவாளங்கள், போல்ட் சுழலும் காம் பின், கேஸ் வளையங்கள் மூன்றும் ஈரமாக இருக்கட்டும். பிறகு சோதியுங்கள்.

அறிகுறிகளைப் படிப்பது

கேரியர் போதிய தூரம் பின்னால் போகவில்லை என்றால் மேகசினில் கடைசித் தோட்டா சுட்ட பிறகும் போல்ட் பின்னால் பூட்டி நிற்காது. இன்னும் குறைந்தால் கூடு வெளியே வந்தும் அடுத்த தோட்டா ஏறாது. அதைவிடக் குறைந்தால் கூடு வெளியேறும் வாசலில் குழாய் மாதிரி நின்றுகொள்ளும். கூடுகள் பலவீனமாக, பின்பக்கமாக, காலடியில் விழும்.

மிதமிஞ்சிய வேகம் வேறு தடயங்களை விட்டுப்போகும். வெற்றுக் கூட்டின் விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடத்தில் உலோகம் வளைந்தோ கிழிந்தோ இருந்தால், சேம்பருக்குள் அழுத்தம் தணிந்து கூடு சுவரை விட்டு விலகும் முன்பே போல்ட் அதைப் பிடித்து இழுக்கிறது. இதில் சில சமயம் எக்ஸ்ட்ராக்டர் விளிம்பிலிருந்து வழுகி, கூட்டை உள்ளேயே விட்டுவிட்டு வந்துவிடும். பார்ப்பவர்கள் எக்ஸ்ட்ராக்டரைத் திட்டுவார்கள். பலமான எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங், உள்ளே கறுப்பு நிற இன்சர்ட், வேண்டுமானால் ஒரு ஓ-ரிங் என்று போடுவது தப்பில்லை, ஆனால் மூல காரணம் கேஸ்.

இரண்டு கோளாறுக்கும் பொதுவான அறிகுறி ஒன்று உண்டு. அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் பூட்டாமல் போவது, கேஸ் குறைவாலும் வரும், கேஸ் அதிகத்தாலும் வரும். அதிவேகத்தில் கேரியர் பின்னால் போய்த் திரும்பி வந்துவிடும், மேகசினில் தோட்டாக்களைத் தாங்கும் ஃபாலோயர், போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் போல்ட் கேட்ச்சை மேலே தள்ளுவதற்குள் வாசல் மூடிவிடும். இடையில் தோட்டா சிக்குவதும் அப்படியே: மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை முழுதாக மேலே தூக்குவதற்குள் போல்ட் அதன் இடுப்பில் இடித்துவிடும். இதைக் கேஸ் குறைவு என்று நினைத்து இலகுவான பஃபர் போட்டால் கோளாறு இரட்டிப்பாகும். பிரித்தறிய வழி, கூடுகள் விழும் இடத்தையும் விளிம்பையும் சேர்த்துப் பார்ப்பது. கூடு பலமாக முன்னால் பறந்து, விளிம்பும் கிழிந்திருந்தால் அது வேகக் கோளாறு. கூடு காலடியில் விழுந்து, விளிம்பு புதிதுபோல் இருந்தால் கேஸ் குறைவு. ஐயம் இருந்தால் மேகசினை மாற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் பலமான புதிய மேகசினில் கோளாறு மறைந்தால் வேகம்தான் காரணம்.

கூடு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக் கடிகார முள் கணக்கில் சொல்வது வழக்கம். சுடும் திசை 12 மணி என்றால் 3 முதல் 4.30 வரை விழுந்தால் ஆரோக்கியம் என்பார்கள், 1 அல்லது 2 என்றால் வேகம் அதிகம், 5 தாண்டினால் குறைவு. குத்துமதிப்புக்குச் சரி. கூடு அப்பரில் (துப்பாக்கியின் மேற்பாகம்) உள்ள திருப்பியில் எங்கே பட்டுத் தெறிக்கிறது, கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்பவையும் திசையை மாற்றும். துப்பாக்கி மணிக்கணக்காக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது, கூடு 2 மணிக்கு விழுகிறதே என்று கடைக்கு ஓட வேண்டாம்.

தேர்வு

தொடங்கும் இடம் எது என்று கேட்டால், 16 அங்குலம் கார்பைன் கேஸுக்கு எச் அல்லது எச்2. 16 அங்குலம் மிட் கேஸுக்கு சாதாரண கார்பைன் அல்லது எச். 18 அங்குல பேரல், ரைஃபிள் நீள கேஸ், கார்பைன் ட்யூப் என்றால் சாதாரண கார்பைன் பஃபரிலேயே தொடங்குங்கள். 20 அங்குலத்துக்கு ரைஃபிள் ட்யூப்பும் ரைஃபிள் பஃபரும் இருந்தால் எதையும் தொடாதீர்கள், அந்த அமைப்பு 1960களிலிருந்து தேறி வந்தது. 10.5, 11.5 அங்குலக் குட்டைகளுக்கு எச்2. (16 அங்குலத்துக்குக் குறைந்த பேரலுள்ள ரைஃபிளுக்குக் கூட்டரசுப் பதிவு தேவை, அது தனிக் கதை.) சத்தம் குறைக்கும் சப்ரசர் மாட்டினால் ஒரு படி மேலே போகலாம், கேஸ் வெளியேறத் தாமதிப்பதால் கேரியர் வேகம் கூடும்.

இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. முடிவு சொல்வது சோதனை. அளவுகோல் ஒன்றுதான்: உங்களிடம் இருக்கும் மிக பலவீனமான தோட்டாவில், அழுக்கேறிய நிலையிலும், போல்ட்டைத் தவறாமல் பூட்ட வைக்கும் பஃபர்களில் கனமானது எதுவோ அது.

செய்முறை இப்படி. மிக மலிவான, பலம் குறைந்த .223 ஒரு பெட்டி, நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டா ஒரு பெட்டி, முழு அழுத்த 5.56 ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியது 55 கிரெயின் எம்193 ஆகவோ 62 கிரெயின் எம்855 ஆகவோ இருக்கலாம். பலவீனமானதில் தொடங்குங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பூட்டி நிற்க வேண்டும். இதை மூன்று வெவ்வேறு மேகசினில் ஐந்தைந்து முறை செய்யுங்கள். பதினைந்தும் பூட்டினால் அடுத்த கனமான பஃபருக்குப் போகலாம். ஒன்று தவறினாலும் ஒரு படி கீழே இறங்குங்கள். தோளில் இறுக்கிப் பிடித்தும், கொஞ்சம் தளர்த்திப் பிடித்தும் சுட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மேஜையில் தேறுவது நடந்துகொண்டே சுடும்போது தேறாமல் போகலாம்.

அது முடிந்ததும் வலுவான 5.56ஐப் போட்டு முழு மேகசின் சுட்டு, கூடுகளின் விளிம்பைப் பாருங்கள். கிழிசல் இல்லை என்றால் வேலை முடிந்தது. பலவீனமான தோட்டாவில் ஒரு படி கூட மேலே போக முடியவில்லை, ஆனால் வலுவான தோட்டாவில் விளிம்பு கிழிகிறது என்றால், ஒரே துப்பாக்கியில் இரண்டு தோட்டாவையும் ஓட்ட ஆசைப்படுகிறீர்கள் என்று பொருள். எதையாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நான் விடுவது மலிவுத் தோட்டாவை.

இவ்வளவும் சுத்தமான, எண்ணெய் போட்ட துப்பாக்கியில் செய்தது. 200, 300 தோட்டா சுட்டுத் துடைக்காமல் விட்டு, அதே ஒற்றைத் தோட்டா சோதனையை மறுபடி செய்யுங்கள். மினசோட்டா போன்ற இடங்களில் கோடையில் தேறிய பஃபர் ஜனவரியில் தேறாமல் போகலாம். குளிரில் தோட்டாவின் அழுத்தமும் குறையும், எண்ணெயும் கெட்டிப்படும். அங்கே இருப்பவர்கள் விளிம்பில் நிற்காமல் ஒரு படி இலகுவாகவே வைத்துக்கொள்ளலாம்.

கனம் கூடினால் உதை குறையும் என்பது பாதி உண்மை. பின்னால் போகும் இடி மெத்தென்றாகும். ஆனால் திரும்பி வரும் கனமான கேரியர் முன்னால் மோதும்போது துப்பாக்கி முனையைக் கீழே இழுக்கும். சிவப்புப் புள்ளி சைட்டில் பார்த்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் புள்ளி குறியைவிட்டுக் கீழே முழுகி வருவது தெரியும். போட்டிக்காரர்கள் இதனால்தான் எதிர்த் திசையில் போகிறார்கள்: இலகுவான கேரியர், இலகுவான பஃபர், திருகிக் குறைக்கும் கேஸ் பிளாக். கேஸை வாசலிலேயே குறைத்துவிட்டு, ஓடும் எடையையும் குறைக்கிறார்கள். புள்ளி அசையாமல் நிற்கும். விலை என்னவென்றால், கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் குளிர், வேறு தோட்டா எதுவும் அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் இந்த வித்தை வேண்டாம்.

திருகும் கேஸ் பிளாக் இருந்தால் முறை தலைகீழ். பஃபரை எச்இல் நிறுத்திக்கொண்டு, கேஸை முழுதாக மூடி, ஒற்றைத் தோட்டா சோதனையைச் செய்துகொண்டே ஒவ்வொரு கிளிக்காகத் திறங்கள். போல்ட் முதன்முதலில் பூட்டும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு கிளிக் திறந்துவிட்டு நிறுத்துங்கள். சப்ரசரோடும் இல்லாமலும் சுடுகிறவர்கள் இரண்டு நிலைகளையும் கிளிக் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய துளையுள்ள பேரலுக்கு உண்மையான மருந்து இதுதான், எச்3 அல்ல.

மாற்றும் வேலை

அப்பரையும் லோயரையும் இணைக்கும் பின்பக்க டேக்டவுன் பின்னைத் தள்ளி அப்பரைச் சாய்த்துக்கொள்ளுங்கள். சுத்தியல் பின்னால் மடங்கிய நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பஃபர் வெளியே வரும் வழியில் இடிக்கும். பஃபரை விரலால் அரை அங்குலம் உள்ளே அமுக்கி, அதை மறித்து நிற்கும் சிறு தடுப்பு பின்னைக் கீழே அழுத்தி, மெதுவாக வெளியே விடுங்கள். கட்டைவிரலைப் பஃபர் முகத்திலிருந்து எடுக்க வேண்டாம், பின்னால் காத்திருக்கும் ஸ்பிரிங் சுவர் வரைக்கும் பாயும்.

கழற்றியதும் பஃபர் முகத்தின் ஓரத்தைப் பாருங்கள். தடுப்பு பின் கடித்த அரைவட்டத் தழும்பு ஆழமாக இருந்தால், ட்யூப் சரியான அளவுக்குத் திருகப்படவில்லை. அப்பரை மூடிய நிலையில் கேரியரின் பின்முகம் பஃபரைத் தொட்டு, பின்னிலிருந்து மயிரிழை தள்ளி வைத்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் ஒவ்வொரு சூட்டிலும் பஃபர் அந்தச் சிறு பின்மேல் மோதினால், பின் ஒருநாள் உடைந்து, துண்டு விசைப் பகுதிக்குள் விழும். ட்யூப்பின் முன்னுதடு அந்தப் பின்னின் ஓரத்தைப் பிடித்திருக்கும் அளவுக்குத் திருகியிருக்க வேண்டும், அதைத் தாண்டித் திருகினால் பின் மேலெழும்பாது.

முழுப் பஃபர் வாங்காமல் கட்டிகளை மட்டும் மாற்றலாம். பஃபரை மரக்கட்டையில் கிடத்தி, பின்பக்க ரோல் பின்னை அதன் அளவுக்குரிய பஞ்ச்சால் தட்டி எடுங்கள். குமிழைத் திருகி இழுத்தால் வரும். தலைகீழாகத் தட்டினால் கட்டிகளும் ரப்பர் வில்லைகளும் விழும். எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஃகுக்குப் பதில் டங்ஸ்டன் வைத்து, வில்லைகளைப் பழையபடி இடையில் வைத்து, குமிழின் துளையை நேராக்கி, பின்னை அடித்து இறக்குங்கள். பின்னின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ட்யூப்பின் உட்சுவரைக் கீறும். உள்ளே எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். மூடியதும் தராசில் ஒரு முறை.

மாற்றும் செட் ஒன்று, எஃகு மூன்று டங்ஸ்டன் மூன்று, கையில் இருந்தால் நான்கு பஃபரும் அதிலேயே அடக்கம். சோதனை நாளுக்கு மட்டும் இது வசதி இல்லை, ரேஞ்சில் உட்கார்ந்து ரோல் பின் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கு நண்பர்களிடம் இரவல் வாங்குவதே சுலபம்.

9 மில்லிமீட்டர் ஏஆர்களும் .308 வகைகளும் மேலே சொன்ன கணக்குக்குள் வராதவை. 9 மில்லிமீட்டரில் பெரும்பாலானவற்றில் கேஸ் குழாயும் இல்லை, பூட்டும் போல்ட்டும் இல்லை. போல்ட்டின் எடையும் பஃபரின் எடையும்தான் சேம்பரை மூடி வைக்கின்றன. அங்கே பஃபர் எடை ருசிக்காக மாற்றுவது அல்ல. கோல்ட் வகை 9 மில்லிமீட்டர் பஃபரே ஏறக்குறைய 5.5 அவுன்ஸ், அதற்கு மேலும் கனமானவை விற்கின்றன. தயாரிப்பாளர் சொன்ன எடைக்குக் கீழே இறங்கினால் அழுத்தம் இருக்கும்போதே கூடு வெளியே வரத் தொடங்கி வீங்கும், வெடிக்கவும் கூடும். .308இல் சிக்கல் நீளத்தில். டிபிஎம்எஸ் வழிவந்த கார்பைன்களில் 2.5 அங்குலக் குட்டைப் பஃபர், ஆர்மலைட் வழியில் நீண்ட ட்யூப்போடு 3.25 அங்குலம். இரண்டையும் கலந்தால் கேரியர் முழுதாகப் பின்னால் போகாது, அல்லது போகக் கூடாத தூரம் போகும். இந்த வகைக்கு ஆர்டர் போடும் முன் எடையை விட்டுவிட்டு, இப்போது உள்ளே இருக்கும் பஃபரின் நீளத்தையும் ட்யூப்பின் உள் ஆழத்தையும் காலிப்பரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.